வாங்குபவர் முறையிட்டால் நம் தராசு ஏன் இறங்குகிறது?

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் காற்றில் வாடி நிற்கும் கொழுந்தில்தான் ஊவாவுக்கே உரிய வாசம் ஏறுகிறது. அதற்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். மடுல்சீமை மலைகளில் "தரம், தரம்" என்ற சத்தம் கூடுவதும் இந்த மாதங்களில்தான். கரட்டு இலை இருந்தால் ஏச்சு, காம்பு நீண்டால் ஏச்சு. "வெளிநாட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்திருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நிறுவையில் இரண்டு கிலோ கூடக் கழித்தாலும் எங்கள் பெண்கள் வாய் திறக்க முடியாது. எந்த நாடு, எந்த மாதத் தேயிலை, என்ன குறை என்று கேட்டால் பதில் வராது.

தரம் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் குறை சொல்வார், அது அவர் உரிமை. அந்தக் குறை அரசாங்கத்தின் மேசைக்குப் போன பிறகு என்ன நடக்கிறது, கடைசியில் பில் யார் கைக்கு வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

2017 டிசெம்பரில் நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டைக் கண்டதாக ரஷ்யா சொன்னது. 18ஆம் திகதி முதல் நம் நாட்டு விவசாயப் பொருள்களை வாங்குவதை நிறுத்தி வைத்தது. நம் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ரஷ்யா ஒன்று என்பதால் கொழும்பு நடுங்கிப் போனது. கப்ரா வண்டு தானியம் தின்னும் பூச்சி, தேயிலையில் வாழ்வதல்ல. கொள்கலனிலிருந்தோ பொதி கட்டிய பொருளிலிருந்தோ ஏறியிருக்கலாம் என்று நம் தரப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் குற்றம் மலையிலும் இல்லை, ஸ்டோரிலும் இல்லை.

அதே நேரம் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் முழுதாக நிறுத்துவதென்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு அதிகம் விற்பது ரஷ்யாதான். ரஷ்யத் தரப்பு வண்டைப் பற்றி மட்டும் பேசியது. நம் அமைச்சரவை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தூதுக்குழு மொஸ்கோ போனது. டிசெம்பர் 30ஆம் திகதி தேயிலைத் தடை நீங்கியது. மொத்தம் 12 நாள்.

ஒரு முறைப்பாட்டை 12 நாளில் தீர்க்க முடிந்த அரசாங்கம்தான் நம் காணி உறுதிக்கும் வீட்டுக்கும் எத்தனையோ வருடம் எடுத்துக்கொள்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 12 நாளில் எது விலையாகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தகரம் துருப்பிடித்துப் போன பல லயங்களில் மேலே ஏறியிருப்பது அந்த சீட்தான். உடைந்த துண்டை அறுத்து, ஆணி அடித்து, கோழிக்கூட்டுக்கும் குசினிக்கும் போட்டுக்கொள்கிறோம். அந்தத் தூசியை விழுங்குவது யார்? ஏற்றுமதியைக் காப்பாற்றினோம் என்று மாலை போட்டுக்கொண்டவர்கள் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் படுப்பவர்கள் அல்ல.

ஜப்பான் விவகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. சிறுநீரக நோயைக் காரணம் காட்டி 2015இல் அரசாங்கம் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தது. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானிகளின் வேலை. ஆனால் தடை போட்டவர்கள், நாளை காலையில் இந்தப் புல்லை யார் எப்படி எடுப்பது என்று யோசிக்கவில்லை. கையால் புல் எடுக்க ஆள் போடக் கம்பனிகளுக்கு மனமில்லை. மலை காடானது. இடுப்பளவுப் புல்லுக்குள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர்களுக்கு அட்டையும் பாம்பும் குளவியும்தான் மிச்சம். கிளைபோசேட் இல்லாத இடத்துக்கு வேறு களைகொல்லிகள் வந்தன. அவற்றில் ஒன்று எம்.சி.பி.ஏ.

2018இல் ஜப்பான் முறையிட்டது. நம் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் தன் வரம்பைத் தாண்டுகிறது என்றது. தனியாக வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு ஜப்பானின் பொது வரம்பு பத்து இலட்சத்தில் 0.01 பங்கு. அதாவது 100 தொன் தேயிலையில் ஒரு கிராம். அந்த வருடம் ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டை மீண்டும் அனுமதித்தது அரசாங்கம். மூன்று வருடமாகக் கம்பனிகள் கத்தியும் திறக்காத கதவு வாங்குகிறவன் தட்டியதும் திறந்தது.

ஜப்பான்காரர் கோப்பைக்கு அந்தக் கணக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மருந்து டேங்கை முதுகில் சுமந்து மலை ஏறுகிறவரின் சட்டைக்கு என்ன கணக்கு? டேங்க் ஒழுகி முதுகு நனைந்து, அதே கையால் ரொட்டி தின்று, பின்னேரம் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குகிறவர் உடம்பில் எத்தனை பங்கு ஏறியது என்று நம் தோட்டங்களில் யாராவது அளந்து பார்த்ததுண்டா? 2015இல் தடை போட்டபோதும் 2018இல் எடுத்தபோதும் மருந்தடிப்பவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையுறையும் முகமூடியும் கேட்டால் "அடுத்த மாசம்" என்கிறார்கள். எச்சத்தைப் பற்றி ஜப்பானுக்கு எழுதிய கடிதத்தின் மையில் பாதியை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

வாங்குகிறவர் சொன்னால் எல்லா அரசாங்கமும் இப்படித்தான் பணியுமா என்றால், இல்லை. 2021இல் நாமே வாங்குகிறவராக இருந்தோம். அந்த மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டுவிட்டு, சீனாவிலிருந்து சேதன உரம் வாங்க ஏற்பாடு செய்தார்கள். மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னதும் கப்பலைத் திருப்பினோம். சீன அரசாங்கம் தன் கம்பனி பக்கம் நின்றது. பணம் கொடுக்காத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. 2022 ஜனவரியில் கிட்டத்தட்ட 70 இலட்சம் டொலரைக் கட்டினோம். ஒரு பிடி உரமும் கைக்கு வரவில்லை. முறைப்பாட்டில் நியாயம் எவ்வளவு என்பதைவிட முறையிடுகிறவர் யார் என்பதுதான் எடுபடுகிறது.

உரமில்லாத அந்தக் காலத்தின் விலையையும் நாம்தான் கட்டினோம். 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக விழுந்தது. செடியில் கொழுந்து இல்லை, ஆனால் கேட்ட கிலோ குறையவில்லை. கிலோ வராதவர்களுக்கு அரைப் பேர் விழுந்தது. ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வர்த்தமானியில் வந்த வருடத்தில்தான் பல வீடுகளில் அந்த ஆயிரத்தை முழுதாகக் காணவில்லை.

இனி, "கம்ப்ளெயின்ட் வந்திருக்கு" என்று சொல்லிக் கழிக்கும் கதைக்கு வருவோம். கொழும்பு ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு தேயிலைத் தொகுதிக்கும் ஸ்டோரின் மார்க் உண்டு, இன்வொய்ஸ் இலக்கம் உண்டு. ஏலத்தில் வாங்கிய ஏற்றுமதியாளர் பல தோட்டத் தேயிலையைக் கலந்து, தன் பெயரில் பொதி செய்து அனுப்புவதே பெரும்பாலும் நடக்கிறது. அப்படிக் கலந்த பொதிக்கு வரும் முறைப்பாட்டை ஒரு மலையில் ஒரு நாள் எடுத்த கொழுந்தின் தலையில் கட்ட முடியாது. மார்க்கோடும் இலக்கத்தோடும் முறைப்பாடு வந்திருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டட்டும், பார்க்கத் தயாராக இருக்கிறோம். காகிதம் இல்லாத முறைப்பாட்டுக்குக் கிலோ கழிப்பதைத் தரக் கட்டுப்பாடு என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது சம்பள வெட்டு.

இலங்கை தேயிலைச் சபையிடமும் பெருந்தோட்ட அமைச்சிடமும் நாம் கேட்பது பெரிதல்ல. வெளிநாட்டு முறைப்பாடு வந்தால், குறை மலையிலா, ஸ்டோரிலா, கலக்கும் இடத்திலா, துறைமுகத்திலா என்று விசாரித்த அறிக்கையை மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும். எந்த மருந்தைத் தடுக்கிறார்கள், எதை அனுமதிக்கிறார்கள் என்று பேசும் மேசையில் கம்பனிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போல தொழிற்சங்கங்களுக்கும் நாற்காலி வேண்டும். மருந்தடிப்பவர்களுக்கு வருடம் ஒரு முறை கம்பனிச் செலவில் இரத்தப் பரிசோதனை வேண்டும். இலையில் எச்சத்தைத் தேட முடிகிறவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.

அதுவரை நம் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பருவம் முடியும்வரை ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ கழித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், சொன்னது யார் என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அந்தக் கொப்பிகளைச் சேர்த்து மாத முடிவில் பதுளைக் காரியாலயத்தில் கொடுத்தால், தொழில் ஆணையாளரிடம் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.