எடை குறைந்தது எதனால்?



அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கும் என் சகோதரியின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினான். "மாமா, மறுபடியும் ஒரு டிரெய்லர் வாங்கப் போகிறோம். இந்தத் தடவை ஏமாறக் கூடாது" என்றான். நம் வாசகர் பலரின் பிள்ளைகள் அந்நாட்டில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். ஆகவே, அவன் பட்டறிந்ததை இங்கே எழுதுவது பயன் தரும் எனக் கருதுகிறேன்.

டிராவல் டிரெய்லர் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை யாவும் அதனுள் அடக்கம். பெரிய இழுவை வண்டி இல்லாத குடும்பங்கள் எடை குறைந்த டிரெய்லரையே நாடுகின்றன. என் மருமகனும் 2019-இல் அப்படி ஒன்றை வாங்கினான். மெத்தையும் விளக்கும் திரைச்சீலையும் கண்ணைக் கவர்ந்தன. பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தனர். அன்றே கையொப்பமிட்டு விட்டான். மூன்றாம் ஆண்டில் பின்மூலையில் தரை மெத்தென்று அமுங்கியது. சுவர் உப்பியது. கூரை விளிம்பின் மயிரிழை போன்ற பிளவு வழியே நெடுநாளாக மழைநீர் இறங்கியிருக்கிறது. விற்கப் போனபோது, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்கவில்லை. இரண்டாண்டுச் சேமிப்பு ஒரு பிளவின் வழியே ஒழுகிப் போயிற்று!

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றே. எடை தானாகக் குறைவதில்லை. ஏதோ ஒன்றை மெலிதாக்கியோ, வேறு பொருளால் மாற்றியோதான் குறைக்கிறார்கள். எதனை மெலிதாக்கினார்கள் என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

சுவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, மரச்சட்டத்தின் மேல் நெளி அலுமினியத் தகடு அடித்தது. விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் நீர் புகுந்தால் மரம் மக்கும். இரண்டாவது, அலுமினியச் சட்டம், நுரைப்பலகை, மெல்லிய ஒட்டுப்பலகை, கண்ணாடியிழைத் தகடு ஆகியவற்றைப் பசையால் ஒன்றாக்கியது. எடை குறைந்தது, பார்வைக்கும் வழவழப்பானது. எனினும் நீர் இறங்கினால் பசை விட்டு, தகடு கொப்புளம் போல் எழும்பும். சில நிறுவனங்கள் ஒட்டுப்பலகைக்குப் பதிலாக மக்காத செயற்கைப் பலகையை இடுகின்றன. அதைக் கேட்டறிவது நலம். மூன்றாவது, கண்ணாடியிழையில் இரு பாதிகளாக வார்த்து, முட்டையோடு போல் இணைத்தது. இதில் இணைப்புகள் குறைவு. ஆகவே நீர் புகும் வழிகளும் குறைவு. இடம் சிறிது, விலை கூடுதல்.

எந்த வகையாயினும் பகைவன் நீரே. எனவே மெத்தையைப் பார்க்குமுன் ஏணி கேட்டுக் கூரையைப் பாருங்கள். காற்றுப்போக்கிகளைச் சுற்றிய அடைப்புப் பசை வெடித்துள்ளதா? உள்ளே மூலைகளையும் சன்னலின் கீழ்ப்பகுதியையும் விரலால் அழுத்துங்கள். தரையெங்கும் காலை ஊன்றி நடங்கள். அலமாரியைத் திறந்து முகருங்கள். பூஞ்சணத்தின் வாடையை எந்த நறுமணமும் நெடுநேரம் மறைக்காது. பக்கச்சுவரைச் சாய்ந்த வெளிச்சத்தில் நோக்கினால் கொப்புளம் தெரியும். பிறகு குனிந்து அடிச்சட்டத்தின் பற்றவைப்புகளையும் துருவையும் பாருங்கள். டயரின் பக்கத்திலுள்ள எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் கூறும்.

அடுத்து, எடைக் கணக்கு. விளம்பரத்தாளில் காணும் வெற்று எடையை நம்பிவிடக் கூடாது. பின்னர் பொருத்திய குளிர்சாதனமும் மின்கலமும் அதில் சேராமல் இருக்கக்கூடும். டிரெய்லரில் ஒட்டியுள்ள சீட்டில், ஏற்றத்தக்க பாரம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அது 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 காலன் தண்ணீர் நிரப்பினாலே 250 பவுண்டு போய்விடும். மிஞ்சும் 350 பவுண்டில்தான் பாத்திரம், படுக்கை, உணவு, துணிமணி யாவும் அடங்க வேண்டும். மெலிந்த அடிச்சட்டத்தின் மேல் அளவு மீறிய பாரம் ஏறினால் அச்சும் டயரும் நெடுஞ்சாலையில் கைவிடும். பிள்ளைகளோடு செல்லும் பயணத்தில் இது பண நட்டத்தோடு முடிகிற காரியமா?

உள்ளிருக்கும் காற்றையும் எண்ண வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின், வீடிழந்தோரை அமெரிக்க அரசு டிரெய்லர்களில் குடியமர்த்தியது. பலருக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் உண்டாயின. அரசின் நோய்த்தடுப்பு மையம் 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை 519 டிரெய்லர்களிலும் நடமாடும் வீடுகளிலும் சோதித்தபோது, நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரி 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து வெளிவரும் வாயு அது. 2010-இல் இதற்கெனச் சட்டம் பிறந்தது. எனினும் புது டிரெய்லரில் கண் எரிந்தால் அதைப் "புதுமணம்" என்று தள்ளிவிடாதீர்கள்.

கதவருகே உற்பத்தியாளர் சங்கத்தின் முத்திரை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். மின்சாரம், எரிவாயு, குழாய், தீப்பாதுகாப்பு ஆகியவற்றில் விதிகளைப் பின்பற்றுவதாக உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். சுவர் ஒழுகாது என்பதற்கு அது உறுதிமொழி அன்று.

சென்ற வாரம் மருமகன் மீண்டும் அழைத்தான். பார்க்கப்போன இடத்தில் ஏணி கேட்டானாம். விற்பனையாளர், "மழை வரும்போல் இருக்கிறது, நாளை பார்க்கலாமே" என்றாராம். "மழையிலேயே பார்க்கிறேன்" என்று சொல்லி அரைமணி நேரம் உள்ளே அமர்ந்திருந்தானாம். மேற்கூரைச் சன்னலின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, நின்று, விழுந்தது.

"வாங்கவில்லை மாமா" என்றான். அந்தத் துளி அவனுக்கு இரண்டாண்டுச் சேமிப்பை மீட்டுக் கொடுத்திருக்கிறது.