வண்ணக் கண்ணாடிக்கு எந்த ஜன்னல்?

புது வீட்டுக்குக் குடிபோகும்போது, லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப் போகிற பொருள் ஒன்று பல வீடுகளில் இருக்கும். சிலருக்கு அது சாமி படம். சிலருக்குத் தாத்தாவின் கடிகாரம். கையால் செய்த ஸ்டெயின்டு கிளாஸ் ஜன்னல் வைத்திருப்பவர்களுக்கு அதுதான். பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் கேள்வி வருகிறது: இதை எங்கே மாட்டுவது?

ஓவியத்துக்கு அதன் மேல் வெளிச்சம் விழுந்தால் போதும். வண்ணக் கண்ணாடிக்கோ வெளிச்சம் அதற்குள் புகுந்து வர வேண்டும். வெறும் சுவரில் சாய்த்து வைத்தால், கறுப்புக் கோடு போட்ட மங்கலான பலகை மாதிரி நிற்கும்.

இந்தக் கலையில் பெயர் பெற்ற அமெரிக்கர் லூயி கம்ஃபர்ட் டிஃபனிக்கும் இதே கேள்வி வந்தது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், நான்கு பருவங்களைக் காட்டும் பெரிய ஜன்னல் ஒன்றை அவர் வைத்தார். வசந்தத்துக்கு டூலிப் பூ, கோடைக்கு பாப்பி, குளிர்காலத்துக்குப் பனி படிந்த பைன் கிளை. பிறகு நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லாரல்டன் ஹால் என்ற வீட்டைக் கட்டியபோது, ஜன்னலைப் பிரித்து, நான்கு பருவங்களையும் தனித்தனியாக அங்கே பொருத்தினார்.

1957-ல் அந்த வீடு தீப்பிடித்து எரிந்தது. டிஃபனி இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இளம் வயதில் அங்கே தங்கிப் படம் வரைந்த ஹ்யூ மெக்கீனும் அவர் மனைவி ஜெனட்டும், மிஞ்சிய ஜன்னல்களை வாங்கிக் காப்பாற்றினார்கள். அந்த நான்கு பருவங்களை இன்று ஃப்ளோரிடாவில், விண்டர் பார்க் ஊரிலுள்ள மோர்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு கண்ணாடி ஜன்னல் பல வீடு மாறலாம். அதனால், கழற்ற முடிகிற மாதிரி மாட்டுவதுதான் நல்லது. சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால், அடுத்த முறை வீடு மாறும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் வெளிச்சம்

ஆணி அடிக்கும் முன், இரண்டு பேர் சேர்ந்து கண்ணாடியை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். காலை, மதியம், மாலை என மூன்று நேரமும் பார்க்க வேண்டும். தெளிவான கண்ணாடி என்றால், வெயில் படும்போது தரையில் நிறங்களைக் கொட்டும். ஆனால் பின்னால் இருக்கும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஏ.சி. பெட்டியும் அப்படியே தெரியும். பால் கலந்தது போன்ற கண்ணாடி என்றால் பின்னால் இருப்பதை மறைக்கும். நேர் வெயில் இல்லாவிட்டாலும் ஒளிரும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கும், குளியலறைக்கும் இது பொருந்தும்.

வெளிச்சமே வராத சுவர்தான் இருக்கிறதா? பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்த மெல்லிய பெட்டி செய்து மாட்டலாம். விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெள்ளை அக்ரிலிக் ஷீட் இருந்தால், வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாது.

பிறகு எடை

3 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 கிலோ இருக்கும். ஈயமும் சால்டரும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஈயம் மெத்தென்ற உலோகம். வருடங்கள் போகப் போகத் தன் எடையிலேயே தொய்யும். ஆகவே கொக்கியை ஈயப் பட்டையில் மாட்டக் கூடாது. சுற்றிலும் மரச் சட்டமோ உலோகச் சட்டமோ போட்டு, அதில்தான் மாட்ட வேண்டும்.

சங்கிலி இரண்டும் நேராக மேலே போக வேண்டும். ஒரே ஆணியில் முக்கோணமாக மாட்டினால், மேல் மூலைகள் இரண்டும் உள்பக்கம் இழுபடும். ஃபால்ஸ் சீலிங்கை நம்ப வேண்டாம். கான்கிரீட்டில் துளை போட்டு போல்ட் இறக்குவதே பாதுகாப்பு. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் மேலே மாட்டாதீர்கள். காற்றில் படார் என்று அடித்துக்கொள்ளும் கதவிலும் வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர்கள் இருக்கிற ஜன்னலை அசைக்க வேண்டியதில்லை. அதற்கு உள்பக்கமாக, கொஞ்சம் இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். மழையும் தூசியும் வெளிக் கண்ணாடியோடு நின்றுவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எதையும் வாயில் வைக்கிற வயதில் பிள்ளை இருந்தால், கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். துடைத்த பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுரண்டாதீர்கள். வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

துடைக்க, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். வினிகர், அம்மோனியா கலந்த ஸ்பிரே எதுவும் வேண்டாம். எடுத்துப் போகும்போது நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். தட்டு மாதிரி படுக்கையாகத் தூக்கினால் நடுவில் வளைந்து, விரிசல் விடும்.

இன்னொரு விஷயம். பகலில் இந்த ஜன்னல் வீட்டில் இருப்பவர்களுக்கு, ராத்திரியில் தெருவுக்கு. உள்ளே விளக்குப் போட்டதும், அறையில் இருப்பவர்களுக்குக் கண்ணாடி இருண்டுவிடும். வெளியே நடந்து போகிறவர்களுக்கு நிறம் தெரியும். மாட்டிய அன்று இரவு ஒருமுறை வாசலுக்குப் போய் நின்று பாருங்கள். செய்தவர் பக்கத்தில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.