"நமக்கு வராது"ங்கிற வியாதி

நம்ம மென்பொருள் தொழில்ல அடிக்கடி காதுல விழுற வாக்கியம் இது: "பத்து நிமிஷம் யோசிச்சேன், ஒண்ணும் பிடிபடல. நமக்கெல்லாம் இது வராதுங்க." சொல்றவர் நேத்து சேர்ந்த பையனாவும் இருக்கலாம், பதினஞ்சு வருஷம் கொட்டை போட்டவராவும் இருக்கலாம். கஷ்டமா இருந்தா திறமை இல்லைன்னு அர்த்தமாம். யாருய்யா சொன்னா?

என்னைக் கேட்டா, இந்த வியாதி நமக்கு ஒட்டினது பொறியியல் கல்லூரியில. நாலு வருஷமும் நாம போட்டது, விடை இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச கணக்கு. பழைய கேள்வித்தாளைப் புரட்டினா அதே மாதிரி ஒண்ணு கிடைச்சுடும். அங்க திணறினா, ஒழுங்கா படிக்கலைன்னு அர்த்தம். வாஸ்தவம். ஆனா யாருமே இதுவரைக்கும் போடாத கணக்குல திணறுறது இயல்பு. இந்த ரெண்டு திணறலையும் ஒரே தராசுல வைக்கிறதுதான் கோளாறு.

ஆதாரம் இல்லாம பேசல. பிரையன் லூகாஸ், லோரன் நார்ட்கிரென்னு ரெண்டு பேர் 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாணவர்களைக் கூப்பிட்டு, தேங்க்ஸ்கிவிங் விருந்துல சாப்பிடக் குடிக்க என்னவெல்லாம் வைக்கலாம்னு புதுசா யோசிக்கச் சொன்னாங்க. 10 நிமிஷம் ஆனதும், "இன்னொரு 10 நிமிஷம் கொடுத்தா எத்தனை தேறும்?"னு கேட்டாங்க. சராசரியா 10ன்னு பதில் வந்தது. உண்மையில தேறினது சுமார் 15. மூளை காலியாகல, கஷ்டமா இருந்ததால காலியான மாதிரி தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

இன்னொரு கதை பலருக்கும் தெரிஞ்சிருக்கும். 1939ல ஜார்ஜ் டான்ட்ஸிக், பெர்க்லியில நெய்மான் வகுப்புக்குத் தாமதமா போறார். பலகையில ரெண்டு கணக்கு. வீட்டுப்பாடம்னு நெனச்சு எழுதிட்டு வந்து, கொஞ்ச நாள் மல்லாடி முடிச்சுக் கொடுத்தார். ரெண்டுமே அதுவரைக்கும் யாரும் நிரூபிக்காத புள்ளியியல் தேற்றங்கள்! "அவர் மேதைய்யா"ம்பீங்க. ஒத்துக்கறேன். வீட்டுப்பாடம்னு நெனச்சிருந்தா நாமளும் போட்டிருப்போம்னு நான் சொல்ல வரல. ஆனா கஷ்டமா இருந்தப்ப அவர் அதை "இன்னும் கொஞ்சம் நேரமாகும்"னு எடுத்துக்கிட்டார். நாம அதையே "கடை சாத்துற நேரம்"னு எடுத்துக்கறோம்.

உடனே தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் "அதான் சொன்னோமே, மனசை மாத்து, எல்லாம் மாறும்"னு மைக்கைப் பிடிக்க வேணாம். உங்களுக்கும் இருக்கு :-) திறமை வளரக்கூடியதுன்னு நம்பணும்னு கரோல் ட்வெக் சொன்னதை வெச்சு அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட பண்ணின சோதனை 2019ல நேச்சர் இதழ்ல வந்தது. மதிப்பெண் குறைவா இருந்த பிள்ளைங்களுக்குக் கிடைச்ச முன்னேற்றம் சுமார் 0.1 கிரேடு புள்ளி. பலன் உண்டு, ஆனா மந்திரம் இல்ல. அதுவும், கூடப் படிக்கிறவங்க சவாலை மதிக்கிற பள்ளிகள்லதான் பலன் கூடுதல். அதாவது, மனப்பான்மைங்கிறது தனி ஆள் சமாச்சாரம் மட்டுமில்ல, அவனைச் சுத்தி இருக்கிறவங்க சமாச்சாரமும்தான்.

இப்ப மேனேஜர்கள் பக்கம் வர்றேன். அரை மணி நேரக் கூட்டம் போட்டு, முதல்ல வந்த ரெண்டு யோசனையை எழுதிக்கிட்டு, "சீக்கிரம் முடிக்கிறவங்களுக்குப் பரிசு"ன்னு அறிவிக்கிற புண்ணியவான்களே! மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறைய பின்னு. மெழுகு கீழே சொட்டாம வர்த்தியைச் சுவத்துல நிறுத்தணும். பின்னைக் கொட்டிட்டு பெட்டியையே சுவத்துல குத்தித் தாங்கியாக்கணும்னு தோணணும், அதுதான் விடை. டன்கர் உருவாக்கின இந்தப் புதிரை சாம் கிளக்ஸ்பெர்க் 1962ல காசு ஆசை காட்டிப் போட வெச்சார். காசுக்குப் போட்டவங்கதான் அதிக நேரம் எடுத்தாங்க. பின்னு தனியா, பெட்டி காலியா இருந்த சுலபமான வகையில மட்டும் காசு வேகம் கொடுத்தது. வழி தெரிஞ்ச வேலைக்குச் சாட்டை உதவும், வழி தேடுற வேலைக்கு உதவாது.

இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பெட்டியைப் பெட்டியாவே பார்த்துக்கிட்டு ராத்திரி முழுக்க முட்டினாலும் விடை வராது. விடாமுயற்சின்னா ஒரே சுவத்துல முட்டுறது இல்ல. "நான் எதை மாறாததுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்?"னு எழுதிப் பார்த்து, ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்க்கிறதும் அதுல சேர்த்தி.

இதை இப்ப சொல்ல ஒரு காரணம் இருக்கு. ரெண்டு நிமிஷம் சிக்கினா சாட்ஜிபிடி கிட்ட ஓடுறது வழக்கமாயிடுச்சு. கருவியைக் குத்தம் சொல்லல, நானும் வெச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா கஷ்டம்னு தோணின முதல் நொடியிலேயே ஓடுறவனுக்கு, அதைத் தாண்டினா தனக்கு என்ன கிடைச்சிருக்கும்னு கடைசி வரைக்கும் தெரியப்போறதில்ல. "நமக்கு வராது"ன்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பான். முயற்சி பண்ணிப் பார்க்காததால, அது பொய்னு அவனுக்கு யாராலயும் காட்டவும் முடியாது.