ஏறி இறங்கும் வண்டி

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்போம். ஆஸ்திரேலியாக்காரர்களைக் கேட்டால், ‘கேம்பிங் ட்ரெய்லர் செய்து பார்’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். கராஜிலேயே வெல்டிங் அடித்துச் செய்துகொள்கிறவர்கள் அங்கே உண்டு.

அவர்களுக்கு ஒரு பேராசை. நெடுஞ்சாலையில் வண்டி தாழ்வாக ஓட வேண்டும், காட்டுப்பாதையில் பாறை இடிக்காமல் உயர வேண்டும். லாரியில் இருக்கிற பட்டை ஸ்பிரிங்கில் அது நடக்காது. அதனால் நம் ஆம்னி பஸ்களில் இருக்கிற மாதிரி ஏர் சஸ்பென்ஷனுக்குப் போகிறார்கள். சக்கரத்துக்கு ஓர் இரும்புக் கை. அதன் முன்நுனி சட்டத்தில் கீல்போல மாட்டியிருக்கும், பின்நுனியில் சக்கரம், நடுவில் ரப்பர் காற்றுப்பை. காற்றடித்தால் வண்டி எழும்பும்; திறந்துவிட்டால் உட்காரும். பை கையின் சரிபாதியில் இருந்தால், சக்கரத்தில் இறங்கும் 360 கிலோ பையின்மேல் 720 கிலோவாக விழும். இந்தக் கணக்கைப் பலரும் போட்டுவிடுவார்கள்.

கோட்டை விடுவது வேறு இடத்தில். கை கீலில் சுழல்வதால், சக்கரம் நேராகக் கீழே இறங்காது; வளைந்து முன்பக்கம் நகரும். 50 சென்டிமீட்டர் கை, படுக்கைவாட்டில் இருந்து 30 டிகிரி இறங்கினால் வண்டி 25 சென்டிமீட்டர் உயரும். கூடவே சக்கரம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும். ‘இதில் என்ன வந்தது?’ என்கிறீர்களா? 800 கிலோ வண்டி, ஹிட்ச்சில் இருந்து சக்கரம் 3 மீட்டர், ஹிட்ச்சில் 80 கிலோ சுமை என்று வையுங்கள். ஹிட்ச்சையும் உயர்த்தி வண்டியை மட்டமாக வைத்தாலும், அந்தச் சுமை 64 கிலோவாகக் குறைகிறது. மொத்த எடையில் 10 சதவிகிதமாவது ஹிட்ச்சில் இருக்கட்டும் என்பது அங்கே பரவலான வழக்கம். முன்பக்கம் லேசானால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அது முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். உள்ளே குழந்தை குட்டிகள்!

வழி சுலபம். கையின் படுக்கைவாட்டு நிலையை ஆரம்பமாக வைக்காமல் நடுவில் வையுங்கள். மேலே 15, கீழே 15 டிகிரி. உயரம் 26 சென்டிமீட்டர் கிடைக்கும். சக்கரம் நகர்வதோ 2 சென்டிமீட்டருக்கும் கீழே. ஆனால் முழுக்க இறக்கிய நிலை நிறுத்தித் தூங்க மட்டும்தான். ஓடும்போது சக்கரம் மேலே துள்ள இடம் வேண்டுமே.

இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வளைவில் சுமை ஏறிய பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். பக்கத்துக்கு ஒரு வால்வு போடுங்கள். பை கிழிந்தால் சட்டம் உட்கார ஒரு கெட்டியான ரப்பர் கட்டை வேண்டும். அப்படி உட்கார்ந்தபோது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்பதை, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே காற்றைத் திறந்துவிட்டுப் பார்த்துவிடுங்கள்.