திரூர் வழியாக வியட்நாம்

நெல் விளைச்சலைக் கூட்டும் உத்திகளை நேரில் பார்த்துவர 100 முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அனுப்பப்போவதாக 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. ஒதுக்கீடு 2 கோடி ரூபாய். அதற்கு முன்பே, உலக வங்கி உதவியோடு நடந்த தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் கீழ் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்வந்திருக்கிறார்கள். அரசுப் பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள் என்ற ஏச்சு இத்தகைய பயணங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த ஏச்சில் நாம் சேர மாட்டோம். போகட்டும், இன்னும் அதிகம் பேர் போகட்டும். ஆனால், சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு ஏரித் தண்ணீர் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் திருத்தணி விவசாயிக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட்டுப் போகட்டும்.

பிற நாட்டைப் பார்த்துக் கற்பது எப்படி என்பதற்கு நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. வட்டிக்கடைக்காரரிடம் சிக்கிய விவசாயியை மீட்க வழியுண்டா என்று ஆராய, சென்னை மாகாண அரசு 1892இல் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பாவின் நில வங்கிகளையும் கிராமக் கடன் சங்கங்களையும் அவர் அலசினார். ஊருக்கு ஒரு சங்கம், ஒருவரையொருவர் அறிந்த உறுப்பினர்கள், ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு என்று ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய ஏற்பாடே நமக்கும் ஒத்துவரும் என்று முடிவுக்கு வந்தார். அவரது அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளியானது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதலாவது என்று கூட்டுறவுத் துறையினர் இன்றும் பெருமையோடு சொல்லும் சங்கம் அது. திரூர் வேறெங்கும் இல்லை; திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால், திருவள்ளூரைத் தாண்டியதும் செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நிக்கல்சன் ஐரோப்பாவிலிருந்து இயந்திரம் எதையும் எடுத்துவரவில்லை. ஓர் ஏற்பாட்டை எடுத்துவந்தார். அவர் எழுதியதைப் படித்துச் சட்டமாக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இங்கே இருந்தார்கள். இன்றைய பயணங்களில் நாம் தேடுவது இந்த இரண்டையும்தான்.

அதே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இதன் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. இங்கே உருவான டி.கே.எம். 6 ரகத்துக்குக் குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கித் தன் வரிசையோடு கலந்து, 1969இல் ஐ.ஆர். 20 ரகத்தை வெளியிட்டது. பிறகு வந்த ஐ.ஆர். 26, ஐ.ஆர். 36 ஆகியவற்றின் வம்சாவளியிலும் நம் திரூர் நெல் இருக்கிறது. ஆசியா முழுக்கப் பரவிய அந்த நெல்லுக்குத் திருவள்ளூர் மாவட்டம் ஒருவகையில் தாய்வீடு. வியட்நாமுக்குப் போகிற நம் மாணவர் இதைத் தெரிந்துகொண்டு போனால், வாய் பிளந்து பார்க்க மாட்டார். எதிரே இருப்பவரிடம் சமமாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

என்ன கேட்பது? வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்ற திட்டம் நடைமுறையில் இருக்கிறது. சான்று விதை கட்டாயம். விதையளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஆகிய ஐந்தையும் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்கும் உத்தி நமக்குப் புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் வேளாண் அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருவதுதான். சொன்னால் இங்கே ஏன் கேட்பதில்லை, அங்கே எப்படிக் கேட்கவைத்தார்கள் என்பதே பார்த்துவர வேண்டிய பாடம். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் தண்ணீரை மிச்சம் பிடிக்க ஒருவருக்கு என்ன தூண்டுதல் என்ற சங்கடமான கேள்வியும் அதில் அடக்கம். ஜப்பானில் நடவு இயந்திரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது எளிது. சிறு நிலக்காரர்களான அந்நாட்டு விவசாயிகளுக்குக் கடனும் இடுபொருளும் விற்பனையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுறவு அமைப்பின் வரவுசெலவைப் புரட்டுவது கடினம். நமக்கு வேண்டியது அந்தக் கடினமான வேலை.

இன்னொன்று. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறினாலும் மண்ணும் மழையும் அப்படியேதான். ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்தின் கதிரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வேர்க்கடலை ரகங்கள் பாஸ்போர்ட் கேட்காமல் தமிழக வயல்களுக்கு வந்துவிட்டன. திருப்பதியில் அதே பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருத்தணியிலிருந்து பேருந்தில் போய் அன்றே திரும்பலாம். டோக்கியோவுக்குக் குழு அனுப்பத் தெரிந்த நமக்குத் திருப்பதிக்கு ஒரு குழு அனுப்பத் தோன்றவில்லையென்றால், தூரம் போனால்தான் படிப்பு என்று நினைக்கிறோம் என்றே பொருள்.

பயணிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் மாற்றம் வேண்டும். ‘முன்னோடி’ என்ற அடைமொழி பெரும்பாலும் சொந்த நிலமும் மேடையில் பேசும் பழக்கமும் உள்ளவருக்கே கிடைக்கிறது. குத்தகைக்கு உழுபவருக்கும், நாற்று நடுவதும் களை எடுப்பதும் தம் கையாலேயே செய்யும் பெண்களுக்கும் குழுவில் இடம் வேண்டும். வட்டார வேளாண் அலுவலர் ஒருவரும் கூடப் போக வேண்டும். பார்த்ததை நடைமுறைப்படுத்த வேண்டியவர் அவர்தான். கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறுவது வேளாண் மாணவர்களின் பாடத்திட்டத்திலேயே உள்ளது. வெளிநாடு போய்வந்த மாணவர் தான் பார்த்ததை அப்படித் தங்கும் காலத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் ஒரு பருவமாவது செய்துகாட்ட வேண்டும். பலித்ததா, பலிக்கவில்லையா என்பதைத் தமிழில் எழுதி வட்டார அலுவலகத்தில் வைக்க வேண்டும். பலிக்காதவை இன்னும் முக்கியம். அவற்றை யாரும் எழுதுவதில்லை.

எனவே வேளாண் துறைக்கும் கோவைப் பல்கலைக்கழகத்துக்கும் நம் கோரிக்கை இது: அடுத்த குழுவின் பெயர்ப் பட்டியலோடு, அவர்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறார்கள் என்பதையும் வெளியிடுங்கள். திரும்பிய ஆறு மாதத்துக்குள் அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். பயணத்தின் முதல் நாளைத் திரூரில் வையுங்கள்.