லினக்ஸுக்கு அழைத்தவர்களே துணை நிற்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் தேவை. அதனால் இன்னும் நன்றாக உழைக்கக்கூடிய கணினிகள் பல பயனற்றவை போல ஒதுக்கப்படுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களிடம் லினக்ஸ் மின்ட் போடுங்கள், உபுண்டு போடுங்கள் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான நாங்கள் சொல்லி வருகிறோம், இனியும் சொல்வோம். போட்ட பிறகு எழும் கேள்விகளுக்கு யார் பொறுப்பு? மாறச் சொன்னவர்களே பொறுப்பு என்பதுதான் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

நிரல் எழுதுபவர்களின் கேள்விகள் வேறு, அன்றாடப் பயனர்களின் கேள்விகள் வேறு. பள்ளி ஆசிரியருக்கு வைஃபை வரவில்லை. டிடிபி கடைக்காரரிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருக்கின்றன, திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால் கணினி கண்டுகொள்வதில்லை. பிரிண்டரை இணைத்தால் பட்டியலில் பெயர் வருகிறது, தாள் வருவதில்லை. இவர்கள் யாரும் இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அல்லர், வேலையை முடிக்க வந்தவர்கள்.

எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதி 2001 முதல் இணையத்தில் உலவும் ஒரு புகழ்பெற்ற வழிகாட்டி உண்டு. நிரலாளர்களிடம் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள். முதலில் நீங்களே தேடுங்கள், கையேட்டைப் படியுங்கள், பிழையைத் துல்லியமாக விவரியுங்கள் என்கிறது அது. மென்பொருளை உருவாக்குபவர்களின் நேரத்தைக் காக்க அது நல்ல ஆவணம். ஆனால் அதே அளவுகோலை வீட்டுப் பயனரின் மேல் வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. தன் வைஃபை சிப் எந்த நிறுவனத்துடையது என்று ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? அதைக் கண்டுபிடிக்கும் வழியை அவருக்குச் சொல்வது பதிலளிப்பவரின் வேலை. "கையேட்டைப் படி" என்பதையும் "வேறு டிஸ்ட்ரோ போடு" என்பதையும் பதிலாக நாங்கள் கருதுவதில்லை.

பல நேரங்களில் தீர்வு மிகச் சிறியது. வைஃபை இல்லாததால் டிரைவரை இறக்க முடியவில்லை, டிரைவர் இல்லாததால் வைஃபை இல்லை என்று திகைப்பவரிடம், கைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொன்னால் போதும், பெரும்பாலும் இணையம் வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்பவர் ஐபஸ் எம்17என் பொதியை நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வந்து, விசைப்பலகைப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் தமிழில், படங்களோடு, தேடினால் கிடைக்கும் இடத்தில் இருந்தால் எத்தனையோ பேர் முதல் வாரத்திலேயே விண்டோஸுக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

தேடினால் கிடைக்கும் இடத்தில் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் அன்பாகவும் உடனடியாகவும் உதவி கிடைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் சொன்ன பதில் தேடுபொறிக்குத் தெரியாது, அடுத்த மாதம் குழுவில் சேர்பவருக்கும் தெரியாது. அதே கேள்விக்கு அதே தன்னார்வலர் திரும்பத் திரும்பப் பதில் எழுதிக் களைத்துப் போகிறார். ஆகவே எங்கள் குழுக்களில் தீர்ந்த ஒவ்வொரு சிக்கலும், கேட்டவரின் பெயரும் எண்ணும் நீக்கப்பட்டு, எவரும் படிக்கக்கூடிய பொதுப் பக்கத்தில் தமிழில் பதியப்படும். எந்தப் பதிப்பில் சோதித்தது, எந்தத் தேதியில் எழுதியது என்பவையும் இருக்கும். டெபியன் லினக்ஸையே பாருங்கள்: வைஃபை போன்றவற்றுக்குத் தேவைப்படும் தனியுரிம ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்க்க 2022இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறை. அதற்கு முன் எழுதிய வைஃபை குறிப்புகள் இன்றைய பயனரைத் தேவையில்லாமல் சுற்ற வைக்கும்.

கட்டளைகள் விஷயத்தில் எங்களுக்குச் சமரசம் இல்லை. சூடோ என்று தொடங்கும் வரியை ஒருவரிடம் கொடுப்பது அவருடைய கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பதற்குச் சமம். அது என்ன செய்யும், தவறினால் எப்படித் திரும்புவது என்று கூடவே சொல்லாத கட்டளை எங்கள் குழுக்களில் நீக்கப்படும். இணையத்திலிருந்து நிரலை இறக்கிப் படித்துப் பார்க்காமலே ரூட் அனுமதியில் ஓட்டும் ஒற்றை வரிகளைப் புதியவருக்குத் தரவே கூடாது. மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற காப்புநகல் கருவியைப் பரிந்துரைக்கும்போது, அது இயல்பாக இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும், பிள்ளைகளின் படங்களைக் காக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உதவுகிறேன் என்று கடவுச்சொல் கேட்பதும், தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்பதும் எங்கள் பெயரில் நடக்காது. அப்படி யாரேனும் கேட்டால் அவர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பதில்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி பதில்களைத் தடை செய்தது. பார்க்கச் சரியானவை போலிருந்து தவறாக இருந்தவை அதிகம் என்பதே அது சொன்ன காரணம். எங்கள் விதியும் அதையொட்டியதே: தானே ஓட்டிப் பார்க்காத எதையும், எங்கிருந்து வந்திருந்தாலும், தீர்வு என்று யாரும் இடக்கூடாது.

முடியாததை முடியாது என்று சொல்வதும் உதவிதான். சில சிறிய லேசர் பிரிண்டர்களுக்கும் சில கையொப்ப டோக்கன்களுக்கும் லினக்ஸில் ஒழுங்கான டிரைவர் இல்லை. கணக்குத் தாக்கலுக்கு அவற்றை நம்பியிருக்கும் அலுவலகத்தில், மாறும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். தேவையென்றால் ஒரு கணினியை விண்டோஸிலேயே விடச் சொல்லவும் தயங்கக் கூடாது.

அரசிடமும் ஒரு கோரிக்கை. கேரளத்துப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் நிலைத்ததற்குக் காரணம் விலை மட்டும் அல்ல என்று நம்புகிறோம். அம்மாநில அரசின் கைட் அமைப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது, லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வழியே மாணவர்களையும் தயார் செய்தது. சிக்கல் வந்தால் பள்ளிக்குள்ளேயே கேட்க ஆள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது. இனி எந்தத் திட்டத்தில் லினக்ஸ் தரப்பட்டாலும், அதற்கான தமிழ் உதவிக்கும் ஒப்பந்தத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும்.

எங்கள் உதவியாளர்கள் ஊதியம் பெறாதவர்கள். இரவு பதினொரு மணிக்குப் பதில் வராமல் போகலாம், சில கேள்விகளுக்கு ஒரு வாரமும் ஆகலாம். அதைப் பொறுத்துக்கொள்ளும்படி பயனர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதட்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் உறுப்பினர் எவராவது அப்படிப் பேசினால் குழு நிர்வாகிகளிடம் தெரிவியுங்கள்.