ஒன்பதரை மணிப் பூட்டு



திருவனந்தபுரம் அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிழற்குடை. அதில் நீளமாக ஒரு பெஞ்சு. கல்லூரி விட்டதும் பிள்ளைகள் நெருக்கியடித்து அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். 2022 ஜூலையில் ஒருநாள் வந்து பார்த்தால் அந்த பெஞ்சு மூன்று தனி இருக்கைகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒன்றில் ஒருவர்தான் உட்காரலாம். பையன்களும் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்தப் பகுதிக்காரர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பக்கத்தில்தானே உட்காரக் கூடாது என்று, ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து, சிரித்தபடி படம் எடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படம் இரண்டே நாளில் நாடெங்கும் போய்விட்டது. மேயர் ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து பார்த்தார். பெஞ்சை வெட்டியது முறையல்ல என்றார். ஆண், பெண் பேதமில்லாத புது நிழற்குடையை மாநகராட்சியே கட்டும் என்று அறிவித்தார். அந்த மேயருக்கு அப்போது வயது 23. அந்தப் பிள்ளைகளைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

ஒரு பெஞ்சுக்கா இவ்வளவு என்று கேட்கலாம். பெஞ்சு போன்ற சின்ன விஷயங்களில்தான் எல்லாமே நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க நிற்பது யார்? பி.டி. பீரியடில் மைதானம் யாருக்கு, மர நிழல் யாருக்கு? அழுகிற பையனை என்ன சொல்லி அடக்குகிறோம்? 'பொம்பளப் புள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தமா சிரிப்பு' என்பதை எத்தனை வகுப்பறைகளில் கேட்டிருக்கிறோம்! யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அதனால்தான் எதிர்த்துக் கேட்பது கடினமாக இருக்கிறது. கேட்கிற பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கூட நிற்கிற பையனுக்குக் கேலி.

அப்படியும் கேட்கிறார்கள். கேரளத்திலேயே சேளன்னூரில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்விக்கான உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அவரைத் திரும்ப விடுதியில் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். அதே ஆண்டு பிப்ரவரியில், திருச்சூரில் ஒரு கல்லூரி, விடுதி மாணவிகள் ஃபர்ஸ்ட் ஷோ, செகண்ட் ஷோ சினிமாவுக்குப் போகத் தடை விதித்திருந்ததையும் இதே நீதிமன்றம் ரத்து செய்தது. நிர்வாகம் தன் ஒழுக்கப் பார்வையைப் படிக்க வந்த பெண்கள்மேல் திணிக்க முடியாது என்பது அதன் சாரம்.

மூன்றாவது வழக்கு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு இரவு ஒன்பதரைக்குப் பூட்டு. மருத்துவப் படிப்பு ஒன்பதரைக்கு முடிகிற படிப்பா? 2022 நவம்பரில் மாணவிகள் போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஏன் பெண்களை மட்டும் பூட்டுகிறீர்கள், தொல்லை தருவது ஆண்கள் என்றால் அவர்களையல்லவா அடைக்க வேண்டும் என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டார். டிசம்பரில் கேரள அரசு விதியை மாற்றியது. ஆண்கள், பெண்கள் இரு விடுதிகளுக்கும் ஒரே நேரம். இரண்டாம் ஆண்டு முதல், நேரம் கடந்து வருபவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போகலாம். ஆண்கள் விடுதியில் என்ன விதியோ அதுவே எங்களுக்கும் என்றுதான் மாணவிகள் கேட்டார்கள்.

பெண்ணை வெளியூரில் விட்டுவிட்டு வரும் தாய் தகப்பன் மனசு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. நாளிதழைத் திறந்தால் பயப்படத்தான் தோன்றுகிறது. ஆனால் பூட்டு காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2017 செப்டம்பர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி மாலையில் விடுதிக்குத் திரும்பும்போது, வளாகத்துக்குள்ளேயே, பைக்கில் வந்தவர்கள் அவரிடம் அத்துமீறினார்கள். அங்கே பெண்கள் விடுதியில் கட்டுப்பாட்டுக்குக் குறைவே இல்லை. முறையிடப் போனபோது, இந்நேரத்தில் ஏன் வந்தாய் என்ற கேள்விதான் திரும்பி வந்தது என்று மாணவிகள் சொன்னார்கள். அடுத்த நாள் நூற்றுக்கணக்கான பெண்கள் பல்கலைக்கழக முதன்மை வாயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டவை தெருவிளக்கு, கேமரா, முறையிட்டால் காது கொடுக்கும் ஆட்கள். கிடைத்தது தடியடி. அதன் பிறகு தலைமை ஒழுங்கு அலுவலர் பதவி விலகினார். அந்தப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு பெண் வந்தார்.

பூட்டு செய்கிற பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. நேரம் தவறி வந்த பெண்ணால் தனக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் முதல் குற்றவாளி அவளே. விடுதியில் விசாரணை, வீட்டுக்கு போன், அப்பா வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு அழைத்துப்போவது வரை எல்லாம் அவள் கண்முன் ஓடும். அதனால் வாயை மூடிக்கொள்வாள். தொல்லை கொடுத்தவன் மறுநாளும் அதே பாதையில் நிற்பான். நம் கட்டுப்பாடு அவனுக்குத்தான் பாதுகாப்பு.

இந்தப் பாகுபாடு தவறு என்பதை அரசே ஏற்றுக்கொண்டு வெகுநாளாகிறது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் தொல்லையைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத விதியைப் பெண்கள் விடுதிக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். டெல்லியில் 'பிஞ்ரா தோட்' என்ற பெயரில் விடுதி மாணவிகள் ஒன்றுசேர்ந்ததும் 2015இல்தான். கூண்டை உடை என்பது அந்தப் பெயரின் பொருள்.

பள்ளிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று திரும்புகிறது. எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்ஙராவில் ஒரு தொடக்கப் பள்ளி, 2018இல் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சீருடை கொண்டுவந்தது: முக்கால் கால்சட்டை, சட்டை. ஓடியாட வசதி, அவ்வளவுதான். 2024இல் வந்த கேரளத்து மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுக்களையில் தேங்காய் துருவுகிறார். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது.

சரி, மானியக் குழுவின் விதிமுறை இருந்தும் விடுதிகளில் பூட்டு ஏன் தொங்குகிறது? கல்லூரிகளைக் கேட்டால் முதலில் வரும் பதில்: "பெற்றோர்தான் சார் கேட்கிறாங்க." அதில் உண்மையும் இருக்கிறது. சேர்க்கையன்று நீட்டப்படும் விடுதிப் படிவத்தில், விதிகளை ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போடுவது நாம்தான். ஃபீஸ் எவ்வளவு என்று இரண்டு தடவை பார்க்கிறோம். விதிகளை ஒரு தடவைகூடப் படிப்பதில்லை.

இந்த ஆண்டு மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பையன்கள் விடுதிக்கும் இதே நேரம்தானா? புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? மகள் பக்கத்தில் நிற்கும்போதே கேளுங்கள். நாளை ஏதாவது நடந்தால், உங்களிடம் சொல்லலாம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிடும். மகனைச் சேர்க்கப் போகிறவர்களும் இதே கேள்விகளை, மகனை வைத்துக்கொண்டே கேளுங்கள்.

படிக்கிற பிள்ளைகளே, உங்கள் பள்ளியில், கல்லூரியில் நீங்கள் கேட்டு மாறிய விதி எது, கேட்டும் மாறாத விதி எது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்